சுருளைத் தளர்த்தும் புரதங்கள்

கண்ணிலுள்ள உயிரணுவும் கல்லீரலிலுள்ள உயிரணுவும் தாங்கியிருக்கும் ஜீன்களின் தொகுதி ஒன்றே. ஆயினும் கண் பித்தநீரைச் சுரப்பதில்லை; கல்லீரல் காட்சியை உணர்வதில்லை. எந்த ஜீன் எங்கே செயற்பட வேண்டும் என்பது எவ்வாறு முடிவாகிறது? அறிஞர்கள் கண்ட விடையில் ஒரு பகுதியை மட்டும் இத்திங்கள் நம் வாசகர்களுக்கு வழங்குகிறோம்.

ஓர் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை முனையோடு முனை சேர்த்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளும். அத்தனையும் கண்ணுக்குப் புலனாகாத உட்கருவினுள் அடங்க வேண்டுமே! ஆகவே, ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு கூடி ஓர் உருளையாக அமைய, இழை அதனைச் சுற்றிக்கொள்கிறது. இத்தகைய எண்ணற்ற உருளைகள் கோத்த அமைப்பே குரோமாட்டின். இறுகச் சுருண்ட இடத்திலுள்ள ஜீனைப் படியெடுக்கும் நொதியால் எளிதில் நெருங்க இயலாது.

ஜீனைத் தூண்டும் ஊக்கிப் புரதம் தனித்து நின்று இச்சுருளைத் தளர்த்துவதில்லை. துணை ஊக்கிகளை வரவழைக்கிறது. அவற்றுள் சில, ஹிஸ்டோன்களின் வால்பகுதியில் அசெட்டைல் என்னும் சிறு வேதித்தொகுதியை ஒட்டுகின்றன. வாலின் நேர்மின்னூட்டம் குறைகிறது. எதிர்மின்னூட்டமுடைய இழையின்மீது அதன் பிடி நெகிழ்கிறது. ஒட்டியதை நீக்குவதற்கும் வேறு நொதிகள் உண்டு. எனவே திறந்தது மீண்டும் மூடும்.

அசெட்டைலுக்கும் ஜீன் செயலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நியூயார்க்கில் வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964-இலேயே எழுதினார். 1996-இல் டேவிட் அல்லிஸ் குழுவினர், டெட்ராஹைமினா என்னும் நன்னீர் ஓரணு உயிரியிலிருந்து அதனை ஒட்டும் நொதி ஒன்றை இனங்கண்டனர். ஈஸ்டில் துணை ஊக்கியென்று முன்பே அறியப்பட்டிருந்த புரதத்தையே அது ஒத்திருந்தது! வெவ்வேறு வழியே சென்ற இரு ஆராய்ச்சிகள் அன்று ஒரே வாயிலில் சந்தித்தன.

இது ஆய்வுக்கூடத்தோடு முடியும் செய்தியன்று. சி.பி.பி. என்னும் துணை ஊக்கிக்குரிய ஜீனின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதுற்றாலே ரூபின்ஸ்டைன்–டேபி என்னும் நோய் உண்டாகலாம் என்பது 1995-இல் தெரியவந்தது. அகன்ற கட்டைவிரல்கள், குறைந்த உயரம், அறிவு வளர்ச்சியில் பின்னடைவு ஆகியவை அதன் அடையாளங்கள். இத்தகைய குழந்தை பிறந்த வீட்டில் தாய் உண்டதையும் கிரகங்களையும் பழிக்கும் பேச்சு எழுவதுண்டு. உறவினரைப் பிரிந்து அயலூரில் வாழும் பெண்ணுக்கு அது கடிதத்தில் வந்தாலும் சுடும். உண்மையோ வேறு. அப்பழுது பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாது, குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. அவ்வாறாயின் அடுத்த குழந்தைக்கும் அது நேர்வது மிக அரிது; மரபியல் மருத்துவரிடம் பரிசோதித்துத் தெளியலாம்.