பொம்மை பேசவில்லை, ஆள்தான் பேசுகிறார்



நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துச் சிரிக்கும் காணொளிகளில் ஒன்று, கண்ணை உருட்டி "கொன்றுவிடுவேன்" என்று அதட்டும் எலும்புக்கூட்டுப் பொம்மை. அதன் பெயர் அக்மத். குண்டு வைக்கப் போய் தானே செத்துப்போன பயங்கரவாதியாம். பேச வைப்பவர் அமெரிக்கரான ஜெஃப் டன்ஹம்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். மனிதர் திறமைசாலி. எட்டு வயதில் நத்தார் பரிசாகக் கிடைத்த ஒரு பொம்மையோடு ஆரம்பித்தவர், உதடு அசையாமல் பேசும் கலையை வருடக்கணக்காகப் பழகினார். 1990இல் ஜோனி கார்சனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. 2007இல் வந்த மேடை நிகழ்ச்சியில்தான் அக்மத் உலகப் புகழ் பெற்றது. அந்தச் சுற்றுப்பயணத்தில் 386 அரங்குகளில் நிகழ்ச்சி நடத்தி, அதிக டிக்கட் விற்ற நகைச்சுவைப் பயணம் என்று கின்னஸிலும் பதிவானார். அவர் நம்மை மட்டும் கேலி செய்வதுமில்லை. வோல்டர் என்ற சிடுசிடுத்த அமெரிக்கக் கிழவரும், பியர் குடித்தே காலம் கழிக்கும் கிராமத்து வெள்ளையரும் அவருடைய பொம்மைப் பெட்டிக்குள் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் நமக்கு என்ன வருத்தம்?

வோல்டரைப் பார்த்துச் சிரிக்கும் அமெரிக்கர் ஒருவருக்கு, நல்ல கிழவர்கள் நூறு பேரைத் தெரியும். அந்தப் பொம்மை அவருக்குப் பகிடி மட்டும்தான். ஆனால் அந்த அரங்கில் எத்தனை பேருக்கு ஓர் அஹ்மதைத் தெரிந்திருக்கும்? நபி (ஸல்) அவர்களின் திருப்பெயர்களில் ஒன்று அது. நம் வகுப்பறைகளில் இடாப்பு வாசிக்கும்போது அந்தப் பெயருக்குக் கை உயர்த்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை இந்த நாட்டில் நாம் அனுபவித்தவர்கள். பெயர் எவ்வளவு பாரமானது என்று நமக்குத் தெரியும்.

அக்மத் முஸ்லிம் அல்ல என்பதே டன்ஹமின் பதில். மேடையிலேயே அந்தப் பொம்மை, தன் உடம்பில் சீனத் தயாரிப்பு என்றுதான் எழுதியிருக்கிறது என்று சொல்லும். ஆனால் அதே வாயால் சுவர்க்கத்துக் கன்னியர்களைப் பற்றியும் பகிடி விடும். பிறகு எப்படி நம்புவது?

மலேசியாவில் அக்மதை மேடையேற்ற அனுமதி கிடைக்கவில்லை. அவர் அதே எலும்புக்கூட்டுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் சூட்டி, பிரெஞ்சுப் பயங்கரவாதி என்று அறிமுகப்படுத்தினார். நிகழ்ச்சி நடந்தது. பெயரை மாற்றியும் பொம்மை மேடையேற முடியுமென்றால், முதலிலேயே நம் பெயர் எதற்கு?

இதற்காகக் கொதித்தெழவும் வேண்டாம், தடை கேட்கவும் வேண்டாம் என்பது எமது கருத்து. 2008இல் தென்னாபிரிக்காவில், ஒரு முஸ்லிம் செய்த முறைப்பாட்டினால் அக்மத் வந்த ஒரு விளம்பரம் நிறுத்தப்பட்டது. ஆனால் காணொளி நிற்கவில்லை. நம் பிள்ளைகளின் கைக்கே வந்துவிட்டது.

நம் கையில் இருப்பது வேறொன்று. இந்தக் கலையின் சூட்சுமமே, பொம்மை சொன்னதற்கு ஆள் பொறுப்பில்லை என்று நம்மை நினைக்க வைப்பதுதான். பொம்மை வரம்பு மீறும்போது பக்கத்தில் இருப்பவர் அதைக் கண்டிப்பது போல நடிப்பார். இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன. நம்மைச் சுற்றியும், யாரோ சொன்னதாகச் சொல்லித் தன் மனதில் உள்ளதைக் கொட்டுபவர்கள் எத்தனை பேர்! நம்மவர்களிலும்தான் இருக்கிறார்கள்.

ஆகவே பிள்ளை அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்தால் தொலைபேசியைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். முடிந்ததும், "மகன், இப்ப பேசினது யாரு?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.