டேட்டாவைத் தின்றது யார்?

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய அந்த நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செராஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அப்போது தனியாக இணையத் தொடர்பு இல்லை. என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் மேசைக் கணினி ஓடியது. எங்களோடு இருந்த அக்கா மகளுக்கு அந்த ஆண்டு எஸ்.பி.எம். வகுப்பெல்லாம் திரையில்தான்.

10 ஜிபி வாங்கிப் போட்டால் இரண்டே நாளில் காலி. ஆசிரியர் குரலும் விட்டு விட்டு வரும். "ராத்திரியெல்லாம் படம் பார்க்கிறா, வேறென்ன?" என்று அக்கா முடிவே கட்டிவிட்டார். பிள்ளை "இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். உண்மையைச் சொன்னால், நானும் அக்கா பக்கம்தான்.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போதே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் பெர்பார்மன்ஸ், பிறகு வைஃபை. கணினிக்குள் வருவதும் வெளியே போவதும் அங்கே தனித்தனியாகத் தெரியும். வகுப்புக்காக வந்தது நொடிக்கு ஒரு மெகாபிட் அளவுதான். போய்க்கொண்டிருந்ததோ நான்கு! படம் பார்த்தால் வரவல்லவா ஏற வேண்டும்?

எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். (இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வேகம் போதவில்லை என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு, நானும் போயிருக்கிறேன்.) நொடிக்கு 4 மெகாபிட் என்றால் அரை மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி!

அதே பக்கத்தின் அடியில் ரிசோர்ஸ் மானிட்டர் இருக்கிறது. அதன் நெட்வொர்க் பகுதியில் 'செண்ட்' என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் அனுப்பும் நிரல் மேலே வந்து நிற்கும். வந்து நின்றது கிளவுட் சேமிப்பு நிரல். என் கல்யாணப் படங்களையும் வீடியோக்களையும் அதன் கோப்புறையில் கொட்டி வைத்தவன் நான்தான். போகிற வழி அடைபட்டதால், வகுப்பு நிரல் அனுப்பும் சின்னச் சின்னச் செய்திகளும் வரிசையில் காத்துக் கிடந்தன. குரல் உடைந்ததும் அதனால்தான்.

நிரலை நிறுத்தினேன். விண்டோஸ் 10 அமைப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்று குறித்தேன். அப்படிக் குறித்தால் பெரும்பாலான விண்டோஸ் புதுப்பிப்புகள் காத்திருக்கும். சில சேமிப்பு நிரல்களும் கட்டுப்படும், எல்லாம் அல்ல.

அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் மைலோ கலக்கி வந்து மகள் பக்கத்தில் வைத்தார். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"மாமா, உங்க கல்யாணப் படமா?"