உயரத்தை மட்டும் அளக்காதீர்கள்!

ஸ்ரீமுஷ்ணம், பூவராகப் பெருமாள் கோவிலால் பேர் பெற்ற ஊர். பக்கத்தில் இருக்கும் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் பெற்றது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு பக்கம் கபடி, ஒரு பக்கம் கைப்பந்து, இன்னொரு பக்கம் கிரிக்கெட். எங்காவது ஒரு கம்பத்தில் இரும்பு வளையம் மாட்டியிருந்தால் அங்கே கூடைப்பந்து.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு படிக்கிறான். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். ஒல்லியான உடம்பு. ஆனால் பந்து அவன் கைக்கு வந்ததும் ஆட்டமே மாறிவிடுகிறது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிகிறது. கூட்டாளி ஓடப் போகும் இடத்துக்குப் பந்து முன்கூட்டியே போய்ச் சேருகிறது.

இந்தப் பையனை யார் கண்டுபிடிப்பது? யாராவது கண்டுபிடிப்பதற்குள் அவன் பள்ளிப் படிப்பை முடித்து, மைதானத்தை மறந்து, ஏதாவது ஒரு வேலைக்குப் போய்விடுவானா? இதுதான் கேள்வி.

கார்டு என்பவர் யார்?

கூடைப்பந்து அமெரிக்காவில் பிறந்த ஆட்டம். 1891-ம் ஆண்டு டிசம்பரில் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இதைத் தொடங்கினார். பிறகு இது உலகம் முழுவதும் பரவியது. சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த "டிரில் மாஸ்டர்"கள் பலர் அங்கே படித்து வந்தவர்கள்தான்.

ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். உயரமானவர்கள் வளையத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்குக் "கார்டு" என்று பெயர்.

அவருக்குக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. எட்டு விநாடிக்குள் பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டு போக வேண்டும். இருபத்து நான்கு விநாடிக்குள் அணி பந்தை வளையத்தை நோக்கி எறிய வேண்டும். யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை அந்த நேரத்துக்குள் முடிவு செய்கிறவர் அவர்தான். தேருக்குச் சக்கரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், முட்டுக்கட்டை போடுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால்தான் தேர் நேராகப் போகும். கார்டின் வேலையும் அப்படிப்பட்டதுதான்.

ஐந்தே கால் அடி மனிதர்

உயரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உயரம் நல்ல முதல்தான். பஞ்சாபில் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த சத்னம் சிங் ஏழடிக்கு மேல் வளர்ந்தவர். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் சிறு வயதிலேயே அவரை லூதியானா பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். 2010-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். 2015-ல் என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிக்கு டல்லஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆனாலும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவரால் களம் இறங்க முடியவில்லை.

இன்னொருவர் கதையைக் கேளுங்கள். மக்சி போக்ஸ் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்காரர். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்தான். என்.பி.ஏ. வரலாற்றிலேயே அவரைவிடக் குள்ளமானவர் கிடையாது. 1987-ல் அவர் சேர்ந்த அணியில் மனூட் போல் என்பவரும் இருந்தார். அவருடைய உயரம் ஏழடி ஏழு அங்குலம்! இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் போக்ஸ் கையில் பந்து வந்துவிட்டால் எதிரணிக்குச் சிரிப்பு போய்விடும். அவர் 14 பருவங்கள் ஆடினார். 1993-ல், ஏழடி உயரமுள்ள பாட்ரிக் யூவிங் எறியப்போன பந்தையே அவர் தடுத்து விட்டார்.

மைக்கேல் ஜோர்டன் பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. அவரும் கார்டு இடத்தில் ஆடியவர்தான். 1978-ல் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, பள்ளியின் முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அணிக்கு உயரமானவர் தேவை என்று அவரைவிட உயரமான ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜோர்டன் இளையோர் அணியில் ஆடினார். இடைவிடாமல் பயிற்சி செய்தார். உயரமும் பிறகு வந்தது. புகழும் பிறகு வந்தது.

பெண்கள் பொதுவாகப் பன்னிரண்டு வயதையொட்டி வேகமாக வளர்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி பதினான்கு வயதையொட்டி வருகிறது. சிலருக்கு இன்னும் தாமதமாகும். விருத்தாசலத்துச் சூளைக்காரரைக் கேட்டால், வேகும் முன்பே பாண்டத்தை எடுத்து எடை போடுவாரா என்று சிரிப்பார். பதின்மூன்று வயதுப் பையனை நாடாவால் அளந்து ஒதுக்குவதும் அதே தவறுதான்.

மூன்று தடவை பாருங்கள்

அப்படியானால் எதைப் பார்ப்பது?

முதலில் கண்ணைப் பாருங்கள். பந்தைத் தட்டும்போது தரையைப் பார்க்கிறானா, கூட்டாளிகளைப் பார்க்கிறானா? நிமிர்ந்த தலைதான் நல்ல கார்டுக்கு அடையாளம்.

அடுத்தது இடது கை. வலது கையால் தட்டுவது எல்லாருக்கும் வரும். எதிராளி வலப்பக்கத்தை அடைத்தபோது இடது கை வேலை செய்கிறதா?

மூன்றாவது, தவறு செய்த அடுத்த நிமிடம். பந்தைப் பறிகொடுத்ததும் தலையில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடித் தடுக்கிறானா?

நான்காவது, கடைசி ஐந்து நிமிடம். எல்லாரும் களைத்துப் போன நேரத்தில் அவன் அறிவு களைக்காமல் இருக்கிறதா? தவறு செய்த கூட்டாளியை அதட்டுகிறானா, தட்டிக் கொடுக்கிறானா?

இவை எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் பார்த்துவிட முடியாது. ஜெயிக்கும்போது ஒரு தடவை, தோற்கும்போது ஒரு தடவை, பயிற்சியின்போது ஒரு தடவை என்று குறைந்தது மூன்று தடவை பார்க்க வேண்டும். உயரம் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். சாமர்த்தியம் பக்கத்தில் போனால்தான் தெரியும்.

தோற்ற அணியில் இருப்பவன்

தமிழ்நாட்டில் பள்ளிப் போட்டிகளுக்குக் குறைவில்லை. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டத்துக்குப் போய், மாநிலத்தில் முடிகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. குழு ஆட்டத்தில் வென்ற பள்ளிதான் அடுத்த படிக்குப் போகிறது. தோற்ற பள்ளி ஊருக்குப் பஸ் ஏறுகிறது. அந்தத் தோற்ற அணியில் மிகச் சிறந்த கார்டு ஒருவன் இருந்தால்? அவனும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறான். ஒரு பிற்பகலோடு அவனுடைய கதை முடிந்துவிடுகிறது.

பெரிய நகரத்துப் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் குறைவு. பள்ளியில் தோற்றாலும் அங்கே ஒரு கழகம் இருக்கும். கழகத்தில் ஒரு பயிற்சியாளர் இருப்பார். ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களில் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு வழி இல்லை. ஆகவே குறுவட்டப் போட்டி நடக்கும் இடத்துக்கே விவரம் தெரிந்த ஒருவரை அனுப்ப வேண்டும். யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் அவர் எழுதக்கூடாது. தோற்ற பக்கத்தில் யார் நன்றாக ஆடினார்கள் என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டும் வந்து அதே பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நெய்வேலியில் பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. மனம்தான் வேண்டும்.

முதல் கண் எப்போதும் பள்ளி ஆசிரியரின் கண்தான். சென்னையில் பிறந்த அனிதா பால்துரை பள்ளியில் ஓட்டமும் கைப்பந்துமாக இருந்தவர். பதினொரு வயதில் ஒரு பயிற்சியாளர் அவரைக் கூடைப்பந்துக்கு அழைத்து வந்தார். பத்தொன்பது வயதில் அவர் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி ஆனார். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். தெற்கு ரயில்வேயில் வேலை பெற்றார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பதினொரு வயதுச் சிறுமியை ஒருவர் சரியாகப் பார்த்ததால் வந்த பலன் இது.

பெற்றோர் கவனத்துக்கு

"பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அது நியாயமான கேள்வி. இன்று தமிழக அரசு வேலைகளில் சாதனை செய்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் சில வங்கிகளும் கூடைப்பந்து அணிகள் வைத்திருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் தங்க இடமும் சாப்பாடும் பயிற்சியும் கிடைக்கின்றன.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அந்த இடத்துக்குப் போய்விட முடியாது. ஆகவே படிப்பை விடக்கூடாது. யாராவது வந்து பிள்ளையை அழைத்துப் போகிறேன் என்றால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பள்ளியில் படிப்பான்? எங்கே தங்குவான்? அடிபட்டால் வைத்தியம் யார் பொறுப்பு? பெண் பிள்ளையானால் உடன் இருக்கும் பெண் காப்பாளர் யார்? நேரான பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள். "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிறந்த தேதியை மாற்றச் சொல்பவரையும் அப்படியே அனுப்புங்கள். பொய் வயதில் கிடைக்கும் கோப்பை, உண்மையான வயதுள்ள இன்னொரு பிள்ளையிடமிருந்து திருடியது.

பெருமாள் போகிறார்

ஆண்டுதோறும் மாசிமகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கோவிலை விட்டுப் புறப்படுகிறார். கிள்ளைக் கடற்கரை வரை போகிறார். வழியெல்லாம் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். கிள்ளையில் முஸ்லிம் மக்களும் அவரை வரவேற்பது பழைய வழக்கம். கோவிலுக்கு வர முடியாதவர்களைத் தேடிச் சாமியே போகிறது.

சாமியே அவ்வளவு தூரம் போகும்போது, ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு நாள் வரக்கூடாதா? வரட்டும். வரும்போது அளவு நாடாவோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வரட்டும். முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கட்டும். தோற்ற பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன்னால், அந்த ஐந்தடி நான்கு அங்குலப் பையனைக் கூப்பிட்டு, "உன் பேர் என்ன தம்பி?" என்று கேட்கட்டும்.