'சூப்பர்' என்று சொல்லாதீர்கள்

என் மகளுக்கு ஆறரை வயது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் உட்கார்ந்து சைக்கிள் வரைய ஆரம்பித்தாள். கால்மணி நேரத்தில் மூன்று தாள்களைக் கசக்கி எறிந்தாள். நான்காவதைக் கிழித்தாள். "எனக்கு வரையவே வராது" என்று குப்புறப் படுத்து அழுதாள். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, கசங்கிய தாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எல்லா அப்பாக்களும் சொல்வதைச் சொன்னேன்: "சூப்பரா இருக்கே பாப்பா!"

அழுகை சட்டென்று நின்றது. என்னை நேராகப் பார்த்தாள். "பொய் சொல்லாதப்பா. சக்கரம் தனியா ஓடுது."

உண்மைதான், சக்கரம் தனியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். பென்சிலை வாங்கி நானே ஒரு சைக்கிள் வரைந்து கொடுத்தேன். வீடு அமைதியானது. நானும் வேலைக்குத் திரும்பினேன். அதன்பிறகு இரண்டு வாரம் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. "நீயே வரைஞ்சு குடுப்பா, நான் கலர் அடிக்கிறேன்" என்று தாளை நீட்டினாள். ஆகவே இந்தக் கட்டுரை முதலில் எனக்கு எதிரானது. பிறகுதான் உங்களுக்கு.

'சூப்பர்' என்ற சொல் யாருக்காக? நிச்சயமாகக் குழந்தைக்காக இல்லை. அதன் அழுகை நம்மைத் தொந்தரவு செய்கிறது, சீக்கிரம் முடித்துவைக்கப் பார்க்கிறோம். எங்கள் ஆபீஸில் சிலர் பிரச்சினையைச் சரிசெய்யாமலே டிக்கெட்டை மூடிவிடுவார்கள். கணக்கில் வேலை முடிந்திருக்கும், பிழை அப்படியே கிடக்கும். அப்படித்தான் இதுவும்.

"நான் அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லும் இலக்கிய நண்பர்களுக்கு: உங்கள் 'சூப்பர்' இன்னும் நயமானது, அவ்வளவுதான். குழந்தைகள் எல்லோரும் பிறவிக் கலைஞர்கள், அவர்கள் கோட்டில் இருக்கும் சுதந்திரம் நமக்கு வராது என்பீர்கள். கிழிந்த தாளை ஒட்டி ஃப்ரேம் போட்டு ஸ்டேட்டஸில் வைப்பீர்கள். அந்தக் குழந்தை உங்களிடம் கேட்டது சுதந்திரமா? தன் சைக்கிள் சைக்கிள் மாதிரி இருக்கணும் என்றுதானே கேட்டது. அதைக் காதில் வாங்காமல் அழகியல் பேசுவதும் ஒருவகை அலட்சியமே.

பிரெஞ்சு ஆய்வாளர் ழார்ழ்-ஆன்றி லூக்கே, குழந்தைகளின் ஓவியங்கள் பற்றி 1927இல் ஒரு புத்தகம் எழுதினார். சின்னக் குழந்தை தான் பார்ப்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்றார். அதனால்தான் பக்கவாட்டில் நிற்கும் ஆளுக்கும் இரண்டு கண்கள் வரும், அம்மா வயிற்றுக்குள் இருக்கும் பாப்பா வெளியே தெரியும். அந்த வயதில் குழந்தைக்கு இதில் குறை எதுவும் தெரியாது. வளர வளர, கண்ணுக்குத் தெரிவது போலவே தாளிலும் வர வேண்டும் என்ற ஆசை வருகிறது. கண் முன்னே ஓடிவிடுகிறது, கை பின்தங்கி நிற்கிறது. அழுகை அந்த இடைவெளியில் பிறக்கிறது. என் மகள் "வரையவே வராது" என்று அழுதபோது, அவளுக்குப் பார்க்கத் தெரிய ஆரம்பித்திருந்தது. நானோ அந்தக் கண்ணைப் பார்த்து, "நீ பார்ப்பது தப்பு, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன்.

கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். இதைப் படித்துவிட்டு நாம் என்ன செய்தோம்? 'குட் எஃபர்ட்' என்று புது ஸ்டிக்கர் அடித்தோம். தாளைப் பார்க்காமல் சொன்னால் அதுவும் இன்னொரு சூப்பர்தான்.

சரி, டிராயிங் கிளாஸில் சேர்த்துவிடலாம் என்பீர்கள். அங்கே என்ன நடக்கிறது? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஓரத்தில் தென்னை. எண் 2 எழுதினால் வாத்து. குழந்தை மயில் வரைந்து வரும், ஆனால் ஒரு மயிலையும் நின்று பார்த்திருக்காது. கலரிங் புத்தகங்கள் குழந்தைக்குத் தன் கோட்டின் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுக்கும் என்று விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே எழுதினார். என் வீட்டில் அதற்குப் புத்தகம்கூடத் தேவைப்படவில்லை. நானே கலரிங் புத்தகம் ஆகியிருந்தேன்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். நான்காம் வகுப்பில் நான் வரைந்த யானையின் மேலேயே ஆசிரியர் ஒருவர் சிவப்புப் பேனாவால் 'சரியான' யானையை வரைந்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. உதவிதான் செய்தார். அதற்குப் பிறகு, இன்ஜினியரிங் முதலாண்டில் டிராஃப்டர் பிடித்ததைத் தவிர நான் எதையும் வரைந்ததில்லை. இப்போது அதே உதவியை என் மகளுக்குச் செய்துவிட்டேன்.

"அதுக்காக ஆறு வயசுப் பிள்ளைகிட்ட குறை சொல்லணுமா?" என்று என் மனைவி கேட்டாள். குறை சொல்ல வேண்டாம், அதைத்தான் குழந்தையே சொல்லிவிட்டதே. எந்த இடம் என்று கேட்டால் போதும். 'ஆப் வேலை செய்யல' என்று வரும் புகாரை வைத்து எதுவும் செய்ய முடியாது. 'இந்தப் பட்டனை அழுத்தினால் நின்றுவிடுகிறது' என்றால் வேலையைத் தொடங்கலாம். 'எனக்கு வரையவே வராது' முதல் வகை. 'சக்கரம் தனியா ஓடுது' இரண்டாம் வகை. அவள் அன்றே சரியான புகாரைக் கொடுத்துவிட்டாள். நான்தான் படிக்கவில்லை.

மூன்றாவது வாரம் மன்னிப்புக் கேட்டேன். "உன் சக்கரம் நிஜமாவே தனியாத்தான் இருந்துச்சு. அப்பா பொய் சொல்லிட்டேன். வா, கீழ போய்ப் பார்க்கலாம்." பார்க்கிங்கில் நின்ற வாட்ச்மேன் அண்ணனின் சைக்கிள் முன்னால் ஆளுக்கொரு தாளோடு தரையில் உட்கார்ந்தோம். சக்கரத்தின் நடுவிலிருந்து போகும் கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். திடீரென்று, "அப்பா, நீ அன்னிக்கு செயினை ரெண்டு சக்கரத்துக்கும் மாட்டிட்டே!" என்று கத்தினாள். ஆமாம், மாட்டியிருந்தேன். அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. இது என் தனிப்பட்ட முட்டாள்தனமும் இல்லை. ரெபெக்கா லாசன் என்ற உளவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளைத் தினமும் பார்ப்பவர்கள்கூட இதே தவறைச் செய்திருக்கிறார்கள். நான் அவளுக்குத் 'திருத்தி'க் கொடுத்த படமே தவறு.

அன்று அவள் வரைந்த சைக்கிளில் சக்கரம் கம்பியோடு சேர்ந்திருந்தது. சீட் மட்டும் எங்கோ மேலே போய்விட்டது. மறுபடி அழுதாள். நான் பென்சிலைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் தாளில் என் கோணல் சைக்கிளை வரைந்துகொண்டிருந்தேன். சும்மா இருப்பது, சத்தியமாக, 'சூப்பர்' சொல்வதைவிடப் பல மடங்கு கஷ்டம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு பேப்பர் குடு" என்றாள்.