'அடுத்தது என்ன?' என்று அவசரப்படுத்தாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் இப்படி ஒன்று நடப்பதுண்டு. பையனோ பெண்ணோ விளையாட்டாக உட்கார்ந்து ஒரு பிறந்த நாள் அழைப்பிதழ் தயாரிப்பார்கள். அது நன்றாக அமைந்துவிடும். தெருவே பாராட்டும். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு மாமி, "எங்க வீட்டு வளைகாப்புக்கும் அதே மாதிரி, ஆனா இன்னும் நல்லா பண்ணிக் குடு" என்பார். முதல் தடவை ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை, இந்தத் தடவை மூன்று நாளாகியும் முடியாது. எழுத்துரு சரியில்லை, நிறம் சரியில்லை என்று மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் கம்ப்யூட்டர் பக்கம் போகவே பிடிக்காது.

இதைத் திறமைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் உலகின் பெரிய ஆட்களையே படுத்திய தொல்லை இது. 'ஒரு தடவை ஜெயித்தவர் அடுத்த தடவை அதைவிடப் பெரிதாக ஜெயிக்க வேண்டும்' என்ற எதிர்பார்ப்புதான் பல நல்ல சாப்ட்வேர்களைக் கெடுத்தது என்பது என் கருத்து.

அன்றே சொன்ன புரூக்ஸ்

ஃபிரெட் புரூக்ஸ் என்பவர் 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 ஆபரேட்டிங் சிஸ்டம் வேலைக்குத் தலைமை தாங்கியவர். 1975-ல் அவர் எழுதிய 'தி மித்திக்கல் மேன்-மன்த்' என்ற புத்தகத்தை இன்றும் சாப்ட்வேர் இன்ஜினியர்கள் படிக்கிறார்கள். ஒருவர் வடிவமைப்பதில் ஆபத்தானது அவருடைய இரண்டாவது சிஸ்டம்தான் என்று அதில் அவர் எச்சரிக்கிறார்.

காரணம் எளிது. முதல் தடவை நமக்கு எல்லாம் தெரியாது. எனவே பயந்து பயந்து, தேவையானதை மட்டும் செய்கிறோம். தோன்றும் மற்ற யோசனைகளை எல்லாம் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைக்கிறோம். முதலாவது ஜெயித்ததும் தைரியம் வந்துவிடுகிறது. ஒதுக்கி வைத்த அத்தனையையும் இரண்டாவதில் கொட்டிவிடுகிறோம்.

14 வருடம் காத்திருந்த கேம்

இதற்கு 'டியூக் நியூகம்' கேமைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 3டி ரியல்ம்ஸ் நிறுவனம் 1996-ல் வெளியிட்ட டியூக் நியூகம் 3டி பெரிய வெற்றி. அடுத்த பாகமான 'டியூக் நியூகம் ஃபார்எவர்' 1997-ல் அறிவிக்கப்பட்டது. வேலை தொடங்கிய பிறகு, 1998-ல் கேமுக்கு அடிப்படையான இன்ஜினையே மாற்றினார்கள். வெளியில் புதிய கேம் எது வந்தாலும் தங்களுடையது அதை மிஞ்ச வேண்டும் என்று நினைத்தார்கள். 'எப்போது வரும்?' என்று கேட்டால், 'முடிந்ததும் வரும்' என்பதே பதில். 2009-ல் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. பிறகு வேறொரு நிறுவனம் எடுத்து முடித்து, 2011 ஜூனில் வெளியிட்டது. அதற்குள் கேம் உலகம் எங்கோ போய்விட்டது. விமர்சகர்கள் பலரும் பாராட்டவில்லை.

எக்ஸ்பிக்குப் பின் விஸ்டா

நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள உதாரணம் விண்டோஸ். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை மக்களுக்கு மிகவும் பிடித்துப் போனது. அடுத்ததாக 'லாங்ஹார்ன்' என்ற பெயரில் மைக்ரோசாப்ட் திட்டமிட்டது முதலில் ஒரு சிறிய பதிப்பைத்தான். நாளாக ஆக, புதிய பைல் முறை, புதிய தோற்றம் என்று அது வீங்கிக்கொண்டே போனது. 2004-ல் செய்த வேலையில் பெரும் பகுதியை ஒதுக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. எக்ஸ்பியின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆட்களைத் திருப்பியதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதைச் சொல்ல வேண்டும். 2007 ஜனவரியில் விஸ்டா என்ற பெயரில் கடைக்கு வந்தபோது, பழைய கம்ப்யூட்டர்களில் அது திணறியது. பலருடைய பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் டிரைவர் கிடைக்கவில்லை. ஆகவே எக்ஸ்பியை விட்டு நகர மறுத்தவர்கள் ஏராளம்.

2009-ல் வந்த விண்டோஸ் 7 நல்ல பெயர் வாங்கியது. அது விஸ்டாவின் அடித்தளத்தின் மேலேயே கட்டப்பட்டதுதான். பெரிய புரட்சி எதுவும் செய்யாமல், இருப்பதைச் சரி செய்ததால் ஜெயித்தது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். நாம் 'முதல் வெற்றி' என்று பார்ப்பது பெரும்பாலும் முதல் முயற்சி அல்ல. பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009-ல் 'ஆங்ரி பேர்ட்ஸ்' கேமை வெளியிடும் முன் 51 கேம்களைச் செய்திருந்தது. ஜெயித்த ஒன்று மட்டும் நம் கண்ணில் படுகிறது. ஆகவே 53-வதும் அதேபோல் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே இல்லை.

என் அனுபவம்

நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது, தமிழ்99 விசைப்பலகை பழகுவதற்கு ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். ஹாஸ்டல் நண்பர்களிடம் ஆரம்பித்து, எங்கள் ஊர் டைப்பிங் சென்டர்கள் சிலவற்றிலும் அதைப் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு போன இடமெல்லாம் ஒரே கேள்வி. வேலைக்கான இன்டர்வியூவில் கேட்டார்கள். கல்யாண வீட்டில் பெரியப்பா, "அடுத்தது பெரிசா ஏதாவது பண்ணு தம்பி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'பெரிசா' என்ற வார்த்தை, கீபோர்டு முன் உட்கார்ந்தாலே தோளில் ஏறிக்கொண்டது.

நான் செய்தது இதுதான். என் அம்மா ஒருவருக்காக மட்டும் ஒரு புரோகிராம் எழுதினேன். போனில் எடுத்த போட்டோக்களின் பெயரைத் தேதி வாரியாக மாற்றித் தரும், அவ்வளவுதான். இன்றைக்கும் அதை உபயோகிப்பவர்கள் எங்கள் வீட்டில் நான்கு பேர். ஆனால் அது முடிந்ததும் எனக்குப் பழையபடி வேலை ஓட ஆரம்பித்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. முதலில் செய்த பைலைத் தொடாதீர்கள். 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரில் பிரதி எடுத்து, அதில் வேலை செய்யுங்கள். பழைய வெற்றி பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தாலே பயம் பாதி குறையும்.

2. தோன்றும் யோசனைகளை எல்லாம் நோட்பேடில் எழுதி வையுங்கள். அதிலிருந்து ஒன்றை மட்டும் இந்தத் தடவை சேருங்கள். மீதி அடுத்த தடவைக்கு.

3. நேரம் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு மணி நேரம் ஆனதா? இப்போது இரண்டு மணி நேரம். அதற்குள் முடிந்ததே முடிவு.

4. நடுநடுவே யாரும் கேட்காத, யாரிடமும் காட்ட வேண்டாத ஒன்றைச் செய்யுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை செய்ததைப் பாராட்டுங்கள், ஆனால் அதே மூச்சில் 'அடுத்தது என்ன?' என்று கேட்காதீர்கள். "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். அவர்கள் உற்சாகமாகச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த யோசனை தானாக வந்துவிடும்.