முல்லரும் ஷ்மிட்டும் நம் இனிஷியலும்

நம் வீட்டுப் பெண்கள் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் மொழி படிப்பது இப்போது திருவனந்தபுரத்தில் புதுமை இல்லை. கேரள அரசின் நோர்க்கா நிறுவனமும் ஜெர்மனியின் அரசு வேலைவாய்ப்பு அமைப்பும் 2021 டிசம்பரில் 'டிரிப்பிள் வின்' ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, கரமனையிலும் சாலையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களிலும் இதே பேச்சுதான். படிப்பு, மொழித் தேர்வு, நேர்முகம் எல்லாவற்றையும் தாண்டி வருகிறவர்கள் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டத்தின் முன்னால் வந்து நின்றுவிடுகிறார்கள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிற கட்டம்.

"நமக்கு அப்படி ஒன்று கிடையாதே, என்ன எழுதுவது?" என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் உடனே யோசனை சொல்லிவிடுவார். "தாத்தா பெயருக்குப் பின்னால் பிள்ளை என்றோ செட்டியார் என்றோ இருந்திருக்குமே, அதைப் போட்டுவிடுங்கள். ஜெர்மன்காரனுக்கும் தொழில் பெயர்தானே குடும்பப் பெயர்? அவன் வெட்கப்படுகிறானா?"

இந்த யோசனை எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லுமுன் அந்த ஜெர்மன்காரனுடைய தொழில் பெயரின் கதையைச் சற்றுப் பார்த்துவிடுவோம். சுவையான கதைதான்.

ரயில்வேயில் இருந்தவனாகையால் எனக்கு இது ரயில் பெட்டி வழியாகவே அறிமுகம். இன்று நாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் விரைவு வண்டிகள் பலவற்றில் எல்.எச்.பி. என்ற வகைப் பெட்டிகளே இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் முதல் பெட்டிகள் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தன. பிறகு கபுர்தலாவிலும் நம் பெரம்பூரிலும் கட்டத் தொடங்கினார்கள். அந்த மூன்றெழுத்து லிங்க, ஹோஃப்மன், புஷ் என்ற மூன்று குடும்பப் பெயர்களின் சுருக்கம். லிங்க என்றால் இடதுகைப் பழக்கக்காரர். ஹோஃப்மன் என்றால் பண்ணைக் காரியஸ்தர். புஷ் என்றால் புதர். புதர்க்காட்டின் அருகே குடியிருந்தவர். ஆக ஒருவருக்கு உடல் அடையாளம், ஒருவருக்குத் தொழில், ஒருவருக்கு இருந்த இடம். இதோடு தகப்பனார் பெயரையும் சேர்த்துக்கொண்டால் ஐரோப்பியக் குடும்பப் பெயர்களின் நான்கு வகையும் வந்துவிடும்.

இந்த நான்கில் ஜெர்மனியில் வெற்றி பெற்றது தொழில் பெயர். அங்கே மிக அதிகமாக வழங்கும் பத்துக் குடும்பப் பெயர்களும் தொழிலையோ பதவியையோ குறிப்பவை. முதலிடம் முல்லருக்கு. நமக்கெல்லாம் மாக்ஸ் முல்லர் வழியாகத் தெரிந்த பெயர். பொருள் மாவரைக்கும் ஆலைக்காரர், அவ்வளவுதான். அடுத்து ஷ்மிட், அதாவது கொல்லர். பிறகு ஷ்னைடர் என்ற தையற்காரர், ஃபிஷர் என்ற மீனவர், வேபர் என்ற நெசவாளர், மேயர் என்ற நிலக் காரியஸ்தர், வாக்னர் என்ற வண்டித் தச்சர், பெக்கர் என்ற ரொட்டிக்காரர், ஷூல்ட்ஸ் என்ற ஊர்த் தலைவர். கடைசியாகச் சொன்னவர் வரி தண்டி மேலிடத்துக்குக் கட்டுகிறவர். திருவிதாங்கூரில் இருந்த பார்வத்தியக்காரரை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். வாக்னருக்கும் நாம் சரக்கு ரயிலில் சொல்லும் 'வேகன்' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இங்கே ஒரு கேள்வி எழும். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பெரும்பாலோர் உழவர்கள்தாமே, பின் ஏன் உழவன் என்ற பெயர் முதலிடத்தில் இல்லை? ஊரில் எல்லோரும் உழவராக இருந்தால் 'உழவர் ஹான்ஸ்' என்று சொல்லி யாரை அடையாளம் காட்ட முடியும்? ஆனால் ஆலைக்காரர் ஊருக்கு ஒருவர். குடியானவர்கள் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இருந்ததால் இரண்டாவது ஆலைக்கு வழியும் இல்லை. கொல்லரும் அப்படியே. ஊரில் ஒருவரே உள்ளவருக்குத்தான் தொழில் பெயர் ஒட்டும். ஊருக்கு ஒருவராக ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒட்டியதால், ஊரில் அபூர்வமாக இருந்த பெயர் நாட்டில் மிகச் சாதாரணமாகிவிட்டது.

எழுத்துக்கூட்டில் வேறு பல கிளைகள். கொல்லர் ஒருவரே வட்டாரத்துக்கு ஏற்ப ஷ்மிட், ஷ்மிட்ஸ், தெற்கே ஷ்மித் என்று பலவாறாக எழுதப்படுகிறார். எல்லாரையும் ஒன்றாகக் கூட்டினால் முல்லரை முந்திவிடுவார். வண்டித் தச்சர் தெற்கே வாக்னர், கிழக்கே ஷ்டெல்மாகர், வடமேற்கே ராடமாகர். நம்மிடம் குயவர், வேளார், குலாலர் என்று ஊருக்கு ஊர் மாறுவதைப் போலத்தான். படித்தவர்கள் சிலர் தம் பெயரை லத்தீனில் மாற்றிக்கொண்டதும் உண்டு. சென்னை வேப்பேரியில் 1779-இல் தமிழ் அகராதி வெளியிட்ட பாதிரியார் பப்ரிசியுஸை நமக்குத் தெரியும். அந்தப் பெயர் லத்தீன் சட்டை போட்ட கொல்லர்தான். அவருக்கு முன்னால் 1719-இல் தரங்கம்பாடி வந்து இறங்கிய பெஞ்சமின் ஷூல்ட்ஸே, ஊர்த் தலைவர் பெயரைச் சுமந்தவர். எல்லாப் பெயரும் தொழில் பெயரல்ல என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1806 முதல் தென் திருவிதாங்கூரில் மயிலாடியை மையமாகக் கொண்டு பணி செய்த ரிங்கல்தௌபேயின் பெயர் ஒரு வகைக் காட்டுப் புறாவைக் குறிப்பது.

இந்தப் பெயர்களெல்லாம் யாரும் யோசித்துச் சூட்டியவை அல்ல. எங்கள் ரயில்வே காலனியில் 'கீமேன் வீடு', 'டிரைவர் வீடு', 'மிஸ்திரி வீட்டுப் பையன்' என்றுதான் சொல்வோம். இங்கே திருவனந்தபுரத்திலும் 'வக்கீல் வீடு', 'தாசில்தார் வீடு' உண்டு. அப்பா ஓய்வு பெற்று, பிள்ளை வேறு வேலைக்குப் போய்விட்டால் கொஞ்ச காலத்தில் அந்தப் பெயரும் மறைந்துவிடும். ஜெர்மனியிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. மறைய விடாமல் செய்தது ஏடு. பதினாறாம் நூற்றாண்டு முதல் மாதா கோயில்களில் ஞானஸ்நானமும் திருமணமும் ஏட்டில் ஏறின. பிறகு அரசுகள் புகுந்தன. ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப் 1787-இல் யூதக் குடும்பங்கள் நிரந்தரக் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்றார். 1812-இல் பிரஷ்யாவும் அப்படியே கேட்டது. 1876 ஜனவரி முதல் ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவகங்கள் வந்தன. குமாஸ்தா அன்று கேட்டதை அன்று காதில் விழுந்தபடி எழுதினார். அது பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வரை நின்றுவிட்டது. பம்பாய்ப் பார்சிகளுக்கும் ஆங்கிலேயர் காலத்தில் இதே கதைதான். கிரிக்கெட்டில் நரி கான்ட்ராக்டரும் பரூக் எஞ்சினீயரும் கிடைத்தது அப்படி. நான் வேலையில் எஞ்சினீயர், பெயரில் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். அவர்களுடையதும் தொழில் பெயர், நம்முடையதும் தொழில் பெயர், ஆகவே இரண்டும் ஒன்று என்ற வாதம் எங்கே வழுக்குகிறது?

அங்கேயும் தொழிலில் உயர்வு தாழ்வு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் ஆலைக்காரர், துணி நெய்பவர், நாவிதர், ஆட்டிடையர், தோல் உரிப்பவர் ஆகியோரை 'மானமற்ற தொழில்' செய்பவர்கள் என்று ஒதுக்கி வைத்து, அவர்கள் பிள்ளைகளைத் தொழிற்சங்கங்களில் சேர்க்க மறுத்தார்கள். பேரரசு 1731-இல் சட்டம் போட்டு, இப்படி ஒதுக்கக்கூடாது என்று சொல்லவேண்டி வந்தது. அப்படி ஒதுக்கப்பட்ட ஆலைக்காரரின் பெயர்தான் இன்று நாட்டிலேயே முதல் பெயர்! முல்லர் என்று சொன்னால் இன்று யாருக்கும் ஆலையும் நினைவு வராது, அவமானமும் நினைவு வராது. முல்லர் மகன் ரொட்டி சுடப் போனான், அவன் மகன் டாக்டரானான், முல்லர் வீட்டுப் பெண் ஃபிஷர் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். பெயர் தொழிலை விட்டுக் கழன்று வெறும் ஒலியாகிவிட்டது.

நம்மிடம் அது கழலவில்லை. மூன்று தலைமுறையாக உளியைத் தொடாமல் வங்கியில் வேலை பார்க்கும் குடும்பத்தையும் 'ஆசாரி' என்ற சொல் பட்டறைக்கே இழுத்துக்கொண்டு போகிறது. திருவிதாங்கூரில் 'கணக்கு' என்பதும் 'பிள்ளை' என்பதும் சர்க்கார் எழுத்து வேலையோடு வந்த பட்டங்களாக இருந்தன. அரண்மனைக் கணக்கின் மேல்பதவிக்கு 'வலிய மேலெழுத்து' என்றே பெயர். இன்று பிள்ளை என்ற பெயரைப் படிப்பவர் கணக்கையா நினைக்கிறார்? எந்தத் தெரு, எந்தக் கோயில், யாரோடு சம்பந்தம் என்று மனத்துக்குள் கூட்டிப் பார்க்கிறார். தொழில் போய்விட்டது, சாதி மட்டும் நிற்கிறது. முல்லருக்கு நடந்ததற்கு இது நேர் எதிர்.

இதைத் தெரிந்துதான் நம் முன்னோர் ஒரு காரியம் செய்தார்கள். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. கேரளத்தில் மன்னத்து பத்மநாபன் தம் பெயரிலிருந்து பிள்ளையை எடுத்தெறிந்தார். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொண்டது இப்படி வந்ததுதான். வெளிநாட்டார் இதை ஒரு குறையாகப் பார்க்கலாம். நாமும் அப்படிப் பார்க்கத் தொடங்கியிருப்பதுதான் எனக்கு வருத்தம். தாத்தா விட்டுவிட்டுப் போனதைப் பேத்தி ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்காகத் திரும்ப எடுத்துச் சூட்டிக்கொள்ள வேண்டுமா? அங்கே ஒருவருக்கும் அதன் பொருள் தெரியாது, உண்மை. ஆனால் அங்கேயும் நம்மவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

அதற்காகக் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் பதறின என்பது நினைவிருக்கும். பிறகு, பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். கட்டத்தை நிரப்பத்தான் வேண்டும். எதை வைத்து என்பதுதான் கேள்வி.

என் கருத்து, தந்தை பெயரை எழுதலாம், விரும்பினால் தாயார் பெயரை எழுதலாம். எண்பதுகளில் ஜெர்மனிக்குப் போன இலங்கைத் தமிழர்களில் பலர் தந்தை பெயரைத்தான் வைத்தார்கள். "தினமும் ஆஸ்பத்திரியில் என் பெண்ணை 'ஃபிராவ் முருகேசன்' என்று கூப்பிடுவார்களே, அது நன்றாகவா இருக்கும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கேரளத்தில் பையனைப் படிக்க வைக்கக் கடைத்தெருவில் மூட்டை எண்ணிய ஒரு முருகேசனின் பெயர் பவேரியாவில் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லப்பட்டால் அதில் என்ன குறை?

ஜெர்மனியிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. வடகடலோரத்து ஃப்ரீஸியர்கள் நம்மைப் போலத் தகப்பன் பெயரையே சேர்த்துக்கொண்டு, தலைமுறைக்குத் தலைமுறை மாற்றி வந்தார்கள். ஷ்லெஸ்விக் பகுதியில் 1771-இல் டென்மார்க் அரசும், கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் 1811-இல் நெப்போலியனும் ஆணை போட்டு அதை நிறுத்தினார்கள். அன்று யார் தகப்பனோ அவர் பெயர் உறைந்துவிட்டது. பீட்டர்சன், ஹான்சன், யான்சன் எல்லாம் அப்படி உறைந்த அப்பாக்கள். ஆக முல்லரைவிட பீட்டர்சனே நமக்கு நெருங்கிய உறவு.

சொந்த ஊர்ப் பெயரை வைப்பதும் தவறில்லை; ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தென்காசியும் வள்ளியூரும் வெறும் ஸ்டேஷன் பெயர்கள். நம் நகரத்து எழுத்தாளர் நீல. பத்மநாபன் தந்தை பெயரின் ஓர் எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்தை முன்னால் போட்டு, அதையே தம் அடையாளமாக்கிக்கொண்டார். தமிழ்ப் பெயருக்குள்ளேயே வழி இருக்கிறது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பேன். ஏஜென்ட் அவசரத்தில் நிரப்ப விடாதீர்கள். கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் முன்னால் வரும். அண்ணன் புத்தகத்தில் அப்பா சுப்ரமணியம், தங்கை புத்தகத்தில் சுப்ரமணியன், ஆதாரில் இங்குள்ள வழக்கப்படி சுப்ரமோணியம். ஷ்மிட்டும் ஷ்மித்தும் ஷ்மிட்ஸும் பிரிந்ததும் இப்படித்தான். அவர்களுக்கு முந்நூறு ஆண்டு ஆயிற்று, நம் வீட்டில் ஒரே தலைமுறையில் நடந்துவிடுகிறது. அண்ணன் தங்கை என்று நிரூபிக்க நோட்டரியிடம் போய் நிற்பதைவிட, பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போகுமுன் எல்லா ஏடுகளையும் மேஜைமேல் பரப்பி வைத்து, வீட்டில் எல்லோருக்கும் ஒரே எழுத்துக்கூட்டு என்று முடிவு செய்துவிடுவது சுலபம்.