மலையகக் குப்பையும் கடலாமையின் உயிரும்

கடற்கரையே இல்லாத ஊவா மாகாணத்திற்கும் கடலாமைகளுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். அத்தொடர்பை ஏற்படுத்துபவை ஆறுகளே. பண்டாரவளைப் பகுதியில் ஊற்றெடுக்கும் கிரிந்தி ஓயா, பூனாகலை மலைகளின் நீரையும் சேர்த்துக்கொண்டு தென் கடலில் கலக்கின்றது. பதுளு ஓயாவின் நீரோ மகாவலியுடன் இணைந்து மூதூரை அண்டிய கடலை அடைகின்றது.

கிரிந்தி ஓயா கடலைச் சேரும் இடத்திற்கு அண்மையில் உள்ள புந்தல கரைக்கு, இலங்கையில் முட்டையிடும் 5 வகைக் கடலாமைகளும் வருகின்றன. அவற்றுள் மிகப் பெரியது தோணியாமை. கடினமான ஓடின்றி, தோல் போர்த்த முதுகில் ஏழு வரிகளைக் கொண்ட இவ்வுயிரினம் 500 கிலோகிராமுக்கு மேலும் வளரக்கூடியது. ஜெல்லி மீன்களே இதன் பிரதான உணவு. நீரில் மிதக்கும் பொலித்தீன் பையை ஜெல்லி மீன் என்றெண்ணி இது விழுங்கிவிடுகின்றது. தொண்டையில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், விழுங்கியதை வெளியே தள்ளுவதும் எளிதன்று. குடல் அடைபட்டு ஆமை மடிகின்றது.

இலங்கையில் கடலாமைகளைக் கொல்வதும் அவற்றின் முட்டைகளை எடுப்பதும் சட்டப்படி குற்றமாகும். 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் உணவு பொதி செய்யும் பொலித்தீன் தாள்களும் 2017இல் தடை செய்யப்பட்டன. ஆயினும், கடற்கரையில் காவல் நின்றால் மட்டும் போதாது. மலையிலிருந்து வரும் குப்பையையும் தடுக்க வேண்டும்.

இதற்காகத் தோட்டத் தொழிலாளர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குள் சபைகள் சேவையாற்றுவதற்குத் தடையாக இருந்தது. குப்பை அள்ளும் வண்டி வராத லயன்களில், குப்பை கானுக்கும் ஓடைக்கும் செல்வதைத் தவிர வேறு வழி என்ன இருந்தது? 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அத்தடையை நீக்கியது. எனவே, சட்டத்தைக் காரணம் காட்டித் தோட்டங்களைக் கைவிட இனி எந்தச் சபைக்கும் இயலாது.

2025 மே மாதம் தெரிவான ஊவாவின் பிரதேச சபைகள், தோட்ட நிர்வாகங்களுடன் இணைந்து, லயன்களிலும் கிரமமாகக் குப்பை சேகரிக்க ஆவன செய்தல் வேண்டும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை நகரங்களின் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களும் பொலித்தீன் பைகளுக்குப் பதிலாகக் காகிதப் பைகளையும் துணிப் பைகளையும் ஊக்குவிக்கலாம்.

இதனால் முதலில் பயனடைவோர், அதே ஓடைகளின் நீரைப் பயன்படுத்தும் எமது தோட்ட மக்களே. அவர்களது வாசலில் ஓடும் நீர் தூய்மையடையும்போது கடலாமையும் பிழைக்கும் என்பதே எமது நிலைப்பாடாகும்.